பேசிக்கொண்டே நடக்கும் வேகம்

1

ஒரே ஒரு சொல்லைத் திருத்துவதற்காகத்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

1983 ஜூலை பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு ஏறும் வழியில், காலை ஒன்பது மணி வாக்கில், நான் என் அத்தையிடம் ஒரு சொல் சொன்னேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று காலையில் நான் வாயைத் திறந்து சொன்ன முதல் சொல்லே அதுதான். அதையும் தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாயால் சொன்னதைத் திருத்த முடியாது. எழுத்தில் முடியும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஆகவே இது ஒரு மோசடி. வாசகர் தெரிந்துகொண்டே படிக்கட்டும்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

"குற்றால மலையின் மேல் மேகங்கள் யானைக் கூட்டத்தைப்போல—" [மேகம் மேகத்தைப்போலத்தான் இருந்தது.]

"இதயம் நான்கு அறைகள் கொண்ட ஒரு தசையுறுப்பு. ஓய்வில் அது நிமிடத்துக்கு எழுபத்திரண்டு முறை—" [இதற்கு இரண்டு மதிப்பெண் கிடைக்கும். கதை கிடைக்காது.]

"வள்ளித்தாய்க்கு மூச்சு வாங்கியது."

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். சின்னதாக இருக்கிறது. உண்மையாகவும் இருக்கிறது.

3

வள்ளித்தாய்க்கு மூச்சு வாங்கியது. அவள் என் அப்பாவின் தங்கை. வயது நாற்பத்தேழு. தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச விரும்புகிறவர்கள் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். அத்தை ஊர் ஊராக இணைப்புக் கொடுத்துவிட்டு, மூன்று நிமிடம் ஆனதும் நடுவில் நுழைந்து, "த்ரீ மினிட்ஸ் ஓவர். எக்ஸ்டென்ஷன் வேணுமா?" என்று கேட்பாள். இருபத்து மூன்று வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உட்கார்ந்தபடியே.

எக்ஸ்சேஞ்ச் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படி. பன்னிரண்டாவது படியில் அத்தை நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படிப்பதுபோல் பாவனை செய்வாள். அது ஒரே நோட்டீஸ்தான். இரண்டு வருடமாக மாறவில்லை.

இது மட்டுமாக இருந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். வருடாவருடம் சாரல் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபரேட்டர் பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து குற்றாலம் போவார்கள். மெயின் அருவிப் பக்கத்திலிருந்து காட்டு வழியாகச் செண்பகாதேவி அருவிவரை ஏறுவார்கள். வழி வழுக்கும் என்று செருப்புகளைக் கீழே கழற்றிவிடுவார்கள். அவற்றுக்குக் காவல், நான்கு வருடமாக, அத்தை.

போன வருடம் ஷமீம் பானு சொன்னாளாம். அவள்தான் இந்தக் கூட்டத்துக்குத் தலைவி. முப்பது வயது. கெட்டவள் இல்லை.

"வள்ளியக்கா, நீங்க கீழ இருந்தீங்கன்னா எங்களுக்கு ஒரு நிம்மதி. நீங்க இருந்தா கொரங்குகூட கிட்ட வராது."

அத்தைக்கு இது பாராட்டாகப் படவில்லை. எட்டு மாதம் மனதில் வைத்திருந்துவிட்டு, ஏப்ரலில் ஒரு நாள் எங்கள் அடுக்களையில் வந்து உட்கார்ந்து அறிவித்தாள்.

"இந்த வருசம் நான் ஏறுவேன். செருப்புக்குக் காவல் இருக்க மாட்டேன். ஏட்டி, நீ பி.எஸ்சி. விலங்கியல்தான? என்ன செய்யணும்னு சொல்லு."

விலங்கியலில் அத்தைகள் பற்றிப் பாடம் இல்லை. டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

4

டாக்டர் அனந்தநாராயணன் ரத்த அழுத்தம் பார்த்தார். பாளையங்கோட்டைக்கு அனுப்பி ஈ.சி.ஜி. எடுத்து வரச் சொன்னார். இதயத்தில் குறை ஒன்றும் இல்லை என்றார். இருதயம் உழைக்கப் பழகவில்லை, அவ்வளவுதான்.

"முதல் வாரம் பத்து நிமிஷம் நடங்கோ. வாராவாரம் ரெண்டு மூணு நிமிஷம் கூட்டணும். ஆரம்பத்துல மெதுவா, நடுவுல கொஞ்சம் வேகமா, முடிக்கறச்சே திரும்ப மெதுவா. நெஞ்சு வலிச்சாலோ தலை சுத்தினாலோ நின்னுடணும். அவசரமே கூடாது."

"வேகமான்னா எவ்வளவு வேகம் டாக்டர்?"

"பேசிண்டே நடக்க முடியணும். பேச முடியலேன்னா வேகம் ஜாஸ்தி. பாட முடிஞ்சா வேகம் போறாது."

அத்தையின் முகம் மலர்ந்தது. நாற்பத்தேழு வயதில் ஒருவர் அவளைப் பேசச் சொல்லி மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நான் ஒரு நோட்டில் அட்டவணை போட்டேன். பன்னிரண்டு வாரம். தேதி, நிமிடம், தூரம், நாடித்துடிப்பு, குறிப்பு. உண்மையில் இந்தக் கதையின் முதல் பிரதி அந்த அட்டவணைதான். அதில் ஒரு பெரிய பிழை இருந்தது. அது ஜூலையில்தான் தெரிந்தது.

5

[இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றி.]

கதையாக எழுதிய முதல் பிரதியில் நான் இல்லை. எனக்குப் பதிலாக நீலா என்று ஒருத்தியை வைத்திருந்தேன். நீலாவுக்கு நீண்ட பின்னல். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவாள். தெருவில் யாராவது கேள்வி கேட்டால் தரையைப் பார்க்க மாட்டாள். அவளை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அத்தை இரண்டு பக்கம் படித்தாள்.

"யாருட்டி இந்த நீலா?"

"கதைக்காக அத்தை."

"அவ எங்கூட நடக்கலியே. பேசாம பக்கத்துல வந்தது நீதான? இவ இவ்வளவு பேசுதாளே, பெறவு நான் எப்பம் பேச?"

நீலாவை எடுத்துவிட்டேன். பின்னலை மட்டும் எங்காவது வைக்கலாமா என்று பார்த்தேன். இடம் இல்லை.

6

முதல் நாள், ஏப்ரல் 18, திங்கள், மாலை ஐந்து மணி. வீட்டு வாசலில் கிளம்பினோம்.

வாசகர் வெளியூராக இருந்தால் ஒரு செய்தி சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் யாரும் சும்மா நடப்பதில்லை. கோயிலுக்கு, கடைக்கு, கல்யாணத்துக்கு, சாவு வீட்டுத் துஷ்டிக்கு, பஸ் பிடிக்க என்று நடப்பார்கள். ஒருவர் நடந்தால் எதிரில் வருகிறவர் எங்கே என்று கேட்பார். கேட்காமல் போனால் மரியாதை இல்லை. பதில் சொல்லாமல் போனால் அதைவிட மரியாதை இல்லை.

"என்ன ஆபரேட்டரம்மா, எங்க கெளம்பிட்டிய?"

கேட்டவர் சைக்கிள் கடை அய்யாத்துரை அண்ணாச்சி. ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிப் பிடித்திருந்தார்.

"சும்மா நடக்குதேன் அண்ணாச்சி."

"சும்மாவா?"

"ஆமா. நடந்துட்டுத் திரும்பி வந்துருவேன்."

"எதுக்குத் திரும்பி வரணும்? அதுக்கு வீட்டுலயே இருக்கலாம்லா?"

இது தர்க்கரீதியாகச் சரி. அத்தை நின்று விளக்கினாள். இருதயம், படி, டாக்டர், சாரல் என்று எல்லாம் வந்தது. அண்ணாச்சி தன் மைத்துனருக்குப் புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை தூக்கும்போது வந்த மூச்சுப் பிடிப்பைப் பற்றிச் சொன்னார். டியூபிலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது.

பத்து நிமிடம் முடிந்தது.

"எப்படிட்டி?" என்றாள் அத்தை. "பேசிக்கிட்டேதான் இருந்தேன். கொஞ்சம்கூட மூச்சு வாங்கல."

நோட்டில் எழுதினேன். தூரம்: நாற்பது மீட்டர். நேரம்: பத்து நிமிடம். வேகம்: மணிக்கு 0.24 கிலோமீட்டர்.

(என் படிப்பில் இதை ஒப்பிட்டுப் பார்க்கச் சில உயிரினங்கள் உண்டு. ஒப்பிடவில்லை. அத்தை நோட்டைப் பார்ப்பாள்.)

7

இரண்டாம் வாரம் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். கையில் ஒரு தூக்குவாளி. காலி. தூக்குவாளியோடு வேகமாகப் போகிறவளை யாரும் நிறுத்த மாட்டார்கள், யாரோ நோயாளிக்குச் சோறு கொண்டு போகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றாள்.

அப்படித்தான் நினைத்தார்கள். நிறுத்தவும் செய்தார்கள்.

"யாருக்கு என்னம்மா?"

அத்தை நல்லவள். ஆனால் கேட்ட கேள்விக்கு உடனே இணைப்புக் கொடுத்தே பழகியவள். யோசிக்க நேரம் எடுக்க மாட்டாள்.

"எங்க அண்ணனுக்கு."

அண்ணன் என்பது என் அப்பா.

நான் பக்கத்தில் இருந்தேன். அது பொய் என்று சொல்லியிருக்கலாம். தரையில் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன்.

மறுநாள் மாலை அய்யாத்துரை அண்ணாச்சி ஆறு சாத்துக்குடியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா பனியனோடு கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, நீங்க படுத்த படுக்கையா இருக்கிதாச் சொன்னாவளே."

"யாரு சொன்னா?"

"ஒங்க தங்கச்சிதான். தூக்குவாளியோட போனாவ."

அப்பா வாளியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். வீட்டுக்குள் பார்த்தார். பிறகு சாத்துக்குடியைப் பார்த்தார்.

"இப்பம் தேவலை," என்றார்.

அந்த வாரம் மொத்தம் ஒன்பது பேர் வந்தார்கள். பன், ரொட்டி, திராட்சை, கீழப்பாவூர் நரசிம்மர் கோயில் பிரசாதம். ஐந்தாவது ஆள் வரும்போது அப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு இருமப் பழகியிருந்தார். ஒன்பதாவது ஆள் போன பிறகு, இனி தன்னை வைத்து யாரும் ஆரோக்கியத்துக்காக நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

[இந்தப் பகுதி கதைக்குத் தேவையில்லை. வெட்டலாம். ஆனால் அப்பாவுக்கு இதுதான் பிடித்த பகுதி. தான் இருமியதை இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம் என்கிறார்.]

8

மூன்றாம் வாரத்திலிருந்து காலை ஐந்தரைக்கு மாறினோம். குற்றாலம் ரோட்டில் மேலகரம் பக்கம். அந்த நேரத்தில் பால்காரர்கள்தான் வருவார்கள். அவர்களுக்கு நின்று கேட்க நேரமில்லை. சைக்கிளிலேயே "எங்க?" என்பார்கள். அத்தை "அங்கன" என்பாள். முடிந்துவிடும்.

அப்போதுதான் அவள் உண்மையில் நடக்கத் தொடங்கினாள்.

நிமிடங்களை அவள் தன் வழியில் கணக்கிட்டாள். மூன்று நிமிடம் ஒரு டெலிபோன் கால். மூன்று நிமிடம் ஆனதும் தன்னைத்தானே ஆபீஸ் குரலில் கேட்டுக்கொள்வாள்.

"த்ரீ மினிட்ஸ் ஓவர். எக்ஸ்டென்ஷன் வேணுமா?"

"வேணும்," என்று சொந்தக் குரலில் பதில் சொல்வாள்.

சில நாட்களில் "வேண்டாம், வைச்சிருதேன்" என்றும் சொல்வாள். அந்த நாட்களில் நாங்கள் திரும்பிவிடுவோம். டாக்டர் அவசரம் கூடாது என்று சொல்லியிருந்தார்.

பேச்சுச் சோதனை எளிது. எக்ஸ்சேஞ்சில் யார் யாருக்கு ஆகாது என்பதிலிருந்து செங்கோட்டைக்காரர்கள் போனில் மலையாளம் கலந்து சண்டை போடுவதுவரை எல்லாம் வரும். நடுவில் மூச்சுக்காக ஒரு இடைவெளி விழுந்தால் வேகத்தைக் குறைப்போம். பாட்டுச் சோதனைதான் கஷ்டம். அத்தைக்குப் பாட்டு எதுவும் முழுதாகத் தெரியாது. ஆகவே டெலிபோன் நம்பர்களைத் தாலாட்டு ராகத்தில் பாடினாள்.

"தென்காசி... டூ... ஃபோர்... செவன்..."

ஒரே மூச்சில் நான்கு சந்தாதாரர்களைப் பாடி முடித்தால் வேகம் போதாது என்று வைத்துக்கொண்டோம். ஒருமுறை அரிசிமில் நம்பரைப் பாடும்போது எதிரில் அரிசிமில் முதலாளியே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். அவர் கொஞ்சம் வேகத்தைக் கூட்டினார்.

"நீ பேச மாட்டேங்கியே," என்றாள் அத்தை ஒரு நாள். "ஒனக்கு மூச்சு வாங்குதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிட?"

"வாங்கல அத்தை."

"பாரு, ரெண்டு வார்த்தை. இத வச்சி என்ன சோதிக்க?"

பத்தாம் வாரம் இருபத்தேழு நிமிடம் நிற்காமல் நடந்தாள். பன்னிரண்டாம் வாரம் முப்பது. எக்ஸ்சேஞ்ச் மாடியில் பன்னிரண்டாவது படி இப்போது பதினெட்டாவது படிக்கு மாறியிருந்தது. அங்கே படிக்க நோட்டீஸ் இல்லை. ஆகவே நிற்காமல் ஏறிவிட்டாள்.

அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் நான் ஒரு கோடு போட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. இங்கே கதையை முடித்திருக்கலாம்.

9

ஜூலை பத்து. சாரல் பூப்போல விழுந்துகொண்டிருந்தது. ["பூப்போல" என்பதை எடுக்க வேண்டும். சாரல் சாரலாக விழுந்துகொண்டிருந்தது.]

ஆறு பேர் போனோம். செருப்புகளை ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்காரரிடம் கொடுத்து, பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஷமீம் பானு கேட்டாள். "போட்டுட்டுப் போங்க தாயி," என்றார் அவர். அவ்வளவுதான். அத்தை திரும்பி ஷமீம் பானுவைப் பார்த்தாள்.

"நாலு வருசம்," என்றாள்.

"கேக்கணும்னு தோணலக்கா," என்றாள் ஷமீம் பானு. நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

ஏறத் தொடங்கினோம். வேர்களும் ஈரப்பாறைகளும். அத்தை பேசிக்கொண்டே ஏறினாள். ஒரு கால் ஆனது. எக்ஸ்டென்ஷன் வேண்டும் என்றாள். இரண்டு, மூன்று, நான்கு. ஷமீம் பானு திரும்பித் திரும்பிப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். "வள்ளியக்கா எங்களைவிட நல்லா ஏறுதாவ!"

ஐந்தாவது காலில் எனக்கு அந்தப் பிழை தெரிந்தது. என் அட்டவணையில் தேதி இருந்தது, நிமிடம் இருந்தது, தூரம் இருந்தது. ஏற்றம் இல்லை. மேலகரம் ரோடு தட்டை. பன்னிரண்டு வாரமும் தட்டை. ஒரு விஞ்ஞானப் பட்டதாரி, மலை ஏறப் பழக்குகிறவள், மலையைச் சேர்க்க மறந்துவிட்டாள்.

அது எப்படித் தெரிந்தது என்றால், அத்தை பேசுவதை நிறுத்தினாள்.

நான் பிறந்ததிலிருந்து கேட்டு வந்த ஒரு சத்தம் நின்றது. சினிமாவில் கரண்ட் போனதுபோல இருந்தது. திரும்பினேன். அத்தை ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. போ போ என்று கையை ஆட்டினாள்.

மேலேயிருந்து ஷமீம் பானு கத்தினாள். "இன்னும் கொஞ்சம்தான்க்கா! தண்ணிச் சத்தம் கேக்குது பாருங்க!"

கேட்டது. அத்தையும் கேட்டாள். அவள் முகத்தில் அது தெரிந்தது. மரத்திலிருந்து கையை எடுத்தாள். ஒரு காலைத் தூக்கி அடுத்த பாறையில் வைத்தாள்.

அப்போதுதான் நான் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். மேலே இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"போதும்."

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுத மாட்டேன். வலி இல்லை, தலை சுற்றவில்லை என்று சைகையில் சொன்னாள். பத்து நிமிடத்தில் நாடி இறங்கியது, நிறம் வந்தது, மூச்சு வந்தது. மற்றவர்கள் தயங்கினார்கள். அத்தை அவர்களைப் போகச் சொன்னாள்.

பேச முடிந்ததும் அவள் தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்றாள்.

"அரைக் கிலோமீட்டர் இருக்கும்."

"மூணு கால்."

"ஏத்தம்லா அத்தை. நாலு."

அவள் தலையாட்டினாள். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் ஈரத் தலையோடு இறங்கி வந்தார்கள். யாரும் அருவியைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு கேட்டபோது டாக்டர் நான் செய்தது சரி என்றார். ஆனால் டாக்டர் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. "போதும்" என்றால் முடிந்துவிட்டது என்று பொருள். "உட்காருங்க" என்று சொல்லியிருக்கலாம். உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பார்கள்.

10

ஆகவே முடிவுகள்.

(அ) நான் "உட்காருங்க" என்கிறேன். பத்து நிமிடம் கழித்து அத்தை எழுகிறாள். நான்கு கால், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓய்வு. அருவியில் தலையைக் கொடுக்கிறாள்.

(ஆ) நான் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை ஏறுகிறாள். பதினைந்து அடியில் [இதை எழுத முடியவில்லை.]

(இ) ஒரு குரங்கு அத்தையின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு மேல்நோக்கி ஓடுகிறது. அதைத் திட்டிக்கொண்டே அத்தை துரத்துகிறாள். கண்ணாடி கைக்கு வரும்போது அருவிக்குள் நிற்கிறாள். [மூன்றில் இதுதான் நம்பக்கூடியது. அத்தை குரங்கை விட மாட்டாள்.]

(அ)வைத் தேர்ந்தெடுத்தேன். முழுத் தாளில் நான்கு பக்கம். தண்ணீரின் கனம், குளிர், ஷமீம் பானு கைதட்டுவது எல்லாம் எழுதினேன். போன சனிக்கிழமை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். எனக்குச் சத்தமாக வாசிப்பதே சிரமம். கடைசிவரை வாசித்தேன்.

அத்தை கேட்டுக்கொண்டே முறுக்கு தின்றாள். முடிந்ததும் கையைத் துடைத்தாள்.

"நல்லா எழுதிருக்க. எனக்கே குளுருது."

"நெசமாவா அத்தை?"

"நெசமாத்தான். கிழிச்சிப் போடு."

நான் தரையைப் பார்த்தேன்.

"ஏட்டி, நிமிந்து பாரு. நாளைக்கு அஞ்சரைக்கு அலாரம் அடிக்கும். அடிச்சா நான் என்ன நெனைப்பேன்? அதான் ஏறியாச்சே, தலைகூட நனைஞ்சாச்சே, இழுத்துப் போத்திட்டுப் படுப்போம்னு நெனைப்பேன். நீயே என்னை ஏத்திவிட்டுட்டா நான் எதுக்கு நடக்கணும்?"

"நான் அன்னிக்குப் போதும்னு சொன்னது..."

"ரெண்டு நாளு கோவமாத்தான் இருந்துச்சி. மூணாம் நாளு டூட்டி. படி ஏறணும்லா, கோவம் மறந்துபோச்சு." ஒரு முறுக்கை எடுத்து என் கையில் வைத்தாள். "ஆனா ஒன் தொண்டையில அவ்வளவு சத்தம் இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சிது. அத எழுதினியா?"

எழுதியிருக்கவில்லை. இப்போது ஒன்பதாம் பகுதியில் சேர்த்திருக்கிறேன்.

11

(அ)வைக் கிழித்துவிட்டேன். மேலே நீங்கள் பார்த்தது சுருக்கம் மட்டும்.

புதிய அட்டவணையில் ஏற்றத்துக்கு ஒரு பத்தி உண்டு. இந்த வாரம் எக்ஸ்சேஞ்ச் படியில் டூட்டி முடிந்தபின் ஒரு தடவை கூடுதலாக. அடுத்த வாரமும் ஒரு தடவைதான். அதற்கடுத்த வாரம் இரண்டு. ஷமீம் பானு கீழே நின்று எண்ணுகிறாள். அடுத்த சாரலுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. செண்பகாதேவிக்கு அத்தை ஏறுவாளா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத எனக்கு அனுமதி இல்லை.

உங்களுக்கும் இல்லை என்று அத்தை சொல்லச் சொன்னாள். இவ்வளவு தூரம் படித்தவர்கள் இதற்குள் மனதில் அவளை அருவிவரை கொண்டுபோயிருப்பீர்கள். நானும் கொண்டுபோனவள்தான், புரிகிறது. தயவுசெய்து அவளைக் கீழே இறக்கிவிடுங்கள். மெதுவாக, கையைப் பிடித்து. இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை அதிகம்.